அடுத்த போட்டுல வருவாங்க

"அசார் அண்ணே, வண்டிய நிறுத்துங்க. லேடீஸ் பாத்ரூம் போவணும்."

வினோதினி சத்தமாகவே சொன்னாள். குறிஞ்சிப்பாடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த வேனுக்குள் அதுவரை இருந்த பேச்சும் சிரிப்பும் வெட்டினாற்போல நின்றன. டிரைவர் அசாருதீன் பிரேக்கில் கால் வைக்கவில்லை. கண்ணாடி வழியாக அவளை ஒரு பார்வை, பக்கத்து சீட்டிலிருந்த முதலாளியை ஒரு பார்வை.

டிராவல்ஸ் முதலாளி மணவாளன் திரும்பக்கூட இல்லை.

"நீ ஓட்டு பாய். பன்னண்டு மணிக்கு நட சாத்திருவாங்க. இவுங்க மலேசியாலேர்ந்து சாமி பாக்க வந்தாங்களா, இல்ல வழியில இருக்குற முள்ளுச்செடிக்கெல்லாம் தண்ணி ஊத்த வந்தாங்களா?"

முன்வரிசை ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள், ரோட்டோரத்துப் புளியமரத்தில் என்னமோ அதிசயம் நடப்பதுபோல.

கைடு வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மணவாளன் அவளிடம் சொல்லியிருந்தார். "குரூப்புல வந்து பாத்ரூம் பேச்ச மட்டும் எடுக்காத. நாமளா கேட்டா, நம்ம ஊர்ல அந்த வசதி இல்லன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அவுங்களா கேட்டா பாத்துக்கலாம். கேக்க மாட்டாங்க." பெண்கள் கேட்க மாட்டார்கள் என்பதுதான் அவருடைய டூர் பிளானுக்கே அச்சாணி. ஒரு நாளில் மூன்று ஊரைச் சுற்றிக்காட்ட வேறு எப்படி முடியும்?

வினோதினியின் முழங்கையை யாரோ கிள்ளினார்கள். பக்கத்து சீட்டு ராசம்மாள். மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு மாரியம்மன் கோயில் சங்கத்தோடு வந்திருந்த அம்மாள். எழுபதை நெருங்கும் வயது, சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி எல்லாம் உண்டு. காலையில் திருவந்திபுரம் மலைப்படியில் இறங்கும்போது இவள் காதில் கிசுகிசுத்தது அவர்தான். அங்கே கூட்டம், அவசரம். ஆகவில்லை.

"ஏம்மா பொண்ணு, எம்மானத்த வாங்கிட்டியே லா," என்றார் ராசம்மாள் மலேசியத் தமிழில், உதடு அசையாமல். "முன்னால சம்பந்தி உக்காந்திருக்காரு. இனிமே எனக்காக நீ வாயே தொறக்காத. நான் அடக்கிக்குவேன்."

சம்பந்தி என்றால் வைத்திலிங்கம். சங்கத்துத் தலைவர். அவர் மகளைத்தான் ராசம்மாள் தன் மகனுக்குக் கட்டியிருந்தார். வைத்திலிங்கத்தின் மனைவி விருத்தாம்பாள் ராசம்மாளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எதுவும் காதில் விழாதவர்போல விசிறிக்கொண்டிருந்தார், ஏசி வண்டியில்.

ராசம்மாள் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார். "தண்ணி மாத்திரை. பிரஷருக்கு. இதப் போட்டா உக்கார விடாது. மத்தியானம் போட்டுக்கறேன்."

வினோதினிக்குத் தலைக்குள் சுர்ரென்று ஏறியது. அவள் அம்மா கொளஞ்சியம்மாள் கீரப்பாளையத்தில் நடவுக்குப் போகிறவள். விடியுமுன் கருவேலங்காட்டுக்குப் போய்விட்டு வந்தால், அப்புறம் பொழுது சாய்ந்துதான். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பாள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். இந்த எழவே வேண்டாம் என்றுதான் வினோதினி படித்தாள். அந்தத் தெருவிலேயே முதல் டிகிரி. டிகிரி வாங்கி ஏசி வேனில் ஏறிய பிறகும் பார்த்தால், அதே அடக்கல்தான். சீட்டுதான் மெத்து மெத்தென்று இருக்கிறது.

சிதம்பரத்தில் இறங்கியதும் மணவாளன் அவளை வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டார். கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவர் சிரித்துக்கொண்டு பேசினார்.

"படிச்ச புள்ள. தைரியமான புள்ள. நல்லா இரு. இன்னொரு தடவ குரூப் முன்னாடி இந்த மாதிரி பேசுனீன்னா, இந்த மாவட்டத்துல எந்த டிராவல்ஸ்காரனும் உன்ன வண்டியில ஏத்த மாட்டான். நான் பாத்துக்குவேன். புரியுதா? போம்மா, போயி சிரிச்ச மொகமா கதையச் சொல்லு."

போனாள். கீழக் கோபுர வாசலில் நின்று கதையைச் சொன்னாள். இந்த ஊருக்குத் தில்லை என்று பேர். ஒருகாலத்தில் இங்கே எல்லாம் தில்லைமரக் காடு. இப்போது அந்த மரத்தைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் பக்கம் உப்பங்கழிக்குத்தான் போகணும், சாயந்திரம் போகிறோம். இதற்கு அடுத்து ஒரு வரி உண்டு. அந்த மரத்துக் கொம்பை ஒடித்தால் பால் வரும், கண்ணில் பட்டால் கண்ணு அவிஞ்சுபோகும், யாரும் தொடாதீங்க. "பயமுறுத்துற மாதிரி பேசாத" என்று மணவாளன் ஏற்கனவே ஒருமுறை முகம் சுளித்த வரி. அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். வினோதினி அந்த வரியை விழுங்கிவிட்டு, "வாங்க, உள்ள போலாம்" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ராசம்மாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

*

பிச்சாவரத்தில் வேன் அரசாங்கப் படகுத்துறைக்குப் போகவில்லை. அங்கே டிக்கெட் உண்டு, லைஃப் ஜாக்கெட் உண்டு, இன்ன வழியில்தான் போகலாம் என்ற கணக்கு உண்டு. மணவாளன் அதற்குத் தெற்கே ஒரு மீன்காரக் குப்பத்துக்கு விடச் சொன்னார். அங்கே அவருக்குத் தெரிந்த இளவரசு இரண்டு ஃபைபர் போட் வைத்திருந்தான். ஒன்றை அவன் ஓட்டுவான், இன்னொன்றை அவன் மச்சான். யாரும் போகக்கூடாத வாய்க்கால் வழியாக முகத்துவாரத்து மணல்திட்டு வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். மணவாளன் டூரில் அதுதான் ஸ்பெஷல்.

"ஜாக்கெட் இல்லியா தம்பி?" என்று வைத்திலிங்கம் கேட்டார்.

"இடுப்பளவு தண்ணிதான் சார். எந்திரிச்சு நின்னா நடந்தே வந்துரலாம்," என்றார் மணவாளன்.

வினோதினிக்கு நீச்சல் தெரியாது. வயல்காட்டுப் பெண். முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றாலே அவள் வரப்பில் ஏறிவிடுவாள். முதல் போட்டில் இளவரசுக்கு முன்னால் உட்கார்ந்து பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக, "ரெண்டு பக்கமும் பாருங்க, இது சுரபுன்னை, அலையாத்தி மரம்" என்றாள். சுரபுன்னை இரண்டு பக்கமும் வேரை ஊன்றி நெருக்கிக்கொண்டு நின்றது. ஒரு வாய்க்கால் பிரிந்து இரண்டாயிற்று, அதிலிருந்து இன்னொன்று. எல்லாம் ஒரே மாதிரி. திரும்பிப் போகச் சொன்னால் எந்த வழி என்று சத்தியமாக அவளுக்குத் தெரியாது. செல்போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை.

திட்டு அழகாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் கழி, நடுவில் வெள்ளை மணல். எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மணவாளன் வைத்திலிங்கத்தின் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்தார்.

ராசம்மாள் வந்து அவள் பக்கத்தில் நின்றார். கடலைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டே, "முடியலடி பொண்ணு," என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

வினோதினி சுற்றிப் பார்த்தாள். மணலில் ஒரு மறைவும் கிடையாது. கழிப் பக்கம் திட்டு முடிகிற இடத்தில்தான் செடியும் மரமும் அடர்ந்திருந்தன.

"அந்த மரத்துக்குப் பின்னாடி போயிடுங்கம்மா. நானும் வரேன்."

"நீ வேணாம். நீ வந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. காலையில பட்டது போதும். நீ இங்கயே நில்லு, ஆம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் வராம பாத்துக்க."

போகிற வழியில் விருத்தாம்பாளிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டு எதையோ முணுமுணுத்தார். விருத்தாம்பாள் தலையாட்டினார். ராசம்மாளின் பச்சைப் புடவை மெல்ல மெல்லச் செடிக்குள் போய் மறைந்தது.

அடுத்த நிமிஷமே மணவாளன் கை தட்டினார். "ஆங், வினோ! காத்து திரும்புதாம். மொத போட்டு கெளம்பட்டும். நீ அதுல போயி டீ பஜ்ஜியெல்லாம் ரெடி பண்ணு, நாங்க பின்னாடியே வரோம்."

"சார், ஒரு நிமிஷம். இன்னும் ஒருத்தவங்க…"

"யாரு?"

அவர் மட்டுமா கேட்டார்? வைத்திலிங்கம் திரும்பினார். இளவரசு நிமிர்ந்தான். நாலைந்து ஆண்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலையில் வேனுக்குள் கேட்ட சிரிப்பு அவள் காதில் மறுபடி கேட்டது. எம்மானத்த வாங்கிட்டியே லா. ஊரில் யாருக்கும் பயப்படாத வாய் என்று பேர் வாங்கிய வாய், அந்த ஒரு நேரம் பார்த்து ஒட்டிக்கொண்டது. விருத்தாம்பாளைப் பார்த்தாள். அவர் கையை லேசாக அசைத்தார்: நீ போ, நான் கூட்டியாரேன்.

"ஒன்னுமில்ல சார்," என்று சொல்லிவிட்டு வினோதினி போட்டில் ஏறினாள்.

பாதி வழியில் ஓர் அம்மாள், "ராசம்மாக்கா எங்க?" என்று கேட்டார்.

"அடுத்த போட்டுல வருவாங்க."

*

இரண்டாவது போட் கரைக்கு வரும்போது வினோதினி டீ கிளாஸ் தட்டோடு நின்றிருந்தாள். இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியாக விருத்தாம்பாள் இறங்கினார். அவர் தோளில் இரண்டு கைப்பை தொங்கியது.

இரண்டு கைப்பை.

தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. "அம்மா எங்க?"

விருத்தாம்பாளின் முகம் வெளிறியது. "உங்கூட வரலியா?"

"நீங்கதான கூட்டியாரேன்னீங்க!"

"இவரு ஏறு ஏறுன்னாரு… சம்பந்தி எங்கன்னேன், அவங்க அந்தப் பொண்ணு வாலப் புடிச்சிக்கிட்டே திரியறவங்க, மொத போட்டுலயே போயிருப்பாங்கன்னுட்டாரு…" அவர் ராசம்மாளின் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். "அத்தன ஆம்பளைங்க நிக்கிறாங்க. செடி மறவுல உக்காந்திருக்காங்கன்னு எப்படிம்மா வாயத் தொறந்து சொல்றது? நீயும் இருக்கியே, ஒருவேள நீ கூட்டிட்டுப் போயிட்டியோன்னு நானே நெனச்சிக்கிட்டேன்."

வினோதினி கழிப் பக்கம் திரும்பினாள். சூரியன் காட்டுக்குப் பின்னால் இறங்கியாயிற்று. கரையில் கட்டியிருந்த கட்டுமரம், அவர்கள் போகும்போது சேற்றில் கிடந்தது, இப்போது ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறுகிறது.

மணவாளன் விஷயத்தைக் கேட்டதும் முதலில் சுற்றிலும் பார்த்தார், யார் யாருக்குக் கேட்டது என்று.

"யாரும் சத்தம் போடாதீங்க. இளவரசு போயி கூட்டியாந்துருவான். அஞ்சு நிமிஷம். வினோ, நீ எல்லாருக்கும் டீ குடு."

"ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லுங்க சார். போலீஸுக்குச் சொல்லுங்க. பெரிய போட்டு, லைட்டு எல்லாம் வரும்."

"சொல்லி? எந்தத் தொறையிலேர்ந்து போனீங்கன்னு கேப்பான். நீ பதில் சொல்றியா?"

இளவரசு ஏற்கனவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு அவன் கையில் இரண்டு தரம் நழுவியதை வினோதினி பார்த்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. அந்தத் தண்ணீரிலேயே பிறந்தவனே இப்படிப் பதறினால்?

பஜ்ஜித் தட்டுப் பக்கம் இருந்த தண்ணீர் பாட்டில்களை, தாகத்துக்கு ஆகும் என்று, கையில் அள்ளிக்கொண்டு போட்டில் குதித்தாள்.

"நீ எங்க போற? எறங்கு!"

"அவுங்க ஆம்பள கொரலுக்கு பதில் சொல்ல மாட்டாங்க சார்."

*

வாய்க்காலுக்குள் இருட்டு முன்னாலேயே வந்துவிட்டது. பகலில் வேராகத் தெரிந்ததெல்லாம் இப்போது விரலாகத் தெரிந்தது. ஓர் இடத்தில் இளவரசு வேகத்தைக் குறைத்து இடம் வலம் பார்த்தான்.

"வழி தெரியலியா ண்ணா?"

"தெரியும்மா." இன்னொரு வாய்க்காலுக்குள் திருப்பிவிட்டு, "தண்ணி ஏறிட்டா எல்லாம் வேற மாதிரி தெரியும்," என்றான்.

வினோதினி பலகையைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மனசுக்குள் ஒரே ஒரு கணக்குதான் ஓடியது. வயசானவங்க. மூட்டுவலி. எந்திரிச்சு நின்னா நடந்தே வந்துரலாம்னு சொன்னான் பாவி. உக்காந்தா எந்திரிக்கவே ஒரு ஆள் கை குடுக்கணும் அவுங்களுக்கு. நான் போயிருக்கணும். மானம் போனா போவுதுன்னு கூடப் போயிருக்கணும். "ஒன்னுமில்ல சார்"னு சொன்னேனே. ஒன்னுமில்லையா?

திட்டு பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. கழிப் பக்கத்து மணல் முழுக்கத் தண்ணீருக்குள். இளவரசு என்ஜினை அணைத்தான். அணைத்ததும் வந்த அமைதியில் நண்டு ஓடுவதுகூடக் கேட்டது.

"பாட்டிம்மா! யம்மோவ்!" என்று அவன் கத்தினான்.

ஒன்றுமில்லை. அலைச் சத்தம் மட்டும்.

"யம்மா! எங்க இருக்கீங்க?"

ஒன்றுமில்லை.

வினோதினி பாட்டில்களைத் துப்பட்டாவில் முடிந்து தோளில் மாட்டி, போன் டார்ச்சை அடித்துக்கொண்டு செடி ஓரமாக ஓடினாள். மணல் முடிகிற இடத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. டிஷ்யூ பேப்பர் பாக்கெட். மலேசியாப் பெண்கள் எல்லார் கையிலும் இருக்கும் சின்ன பாக்கெட். அதற்கு அப்பால் சேறு, வேர், கறுப்புத் தண்ணீர். செத்துட்டாங்க என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரலின் மேல் கோபம் வந்து, அந்தக் கோபத்தில் கத்தினாள்.

"அம்மா! நான்தாம்மா. வினோதினி. நான் மட்டும்தான் வரேன்!"

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, வலது பக்கம், நினைத்ததைவிட ரொம்ப தூரத்திலிருந்து, இருமல் மாதிரி ஒரு குரல்.

"ஆம்பள யாரும் வராதீங்க."

வினோதினி தண்ணீருக்குள் இறங்கினாள். முதல் அடியிலேயே சேறு கணுக்காலைக் கவ்விக்கொண்டது. இரண்டாவது அடியில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. வேரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தாள். காலுக்கடியில் ஏதோ வழுக்கிக்கொண்டு ஓடியது. கத்தக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கத்தினால் அந்தம்மா பயந்துவிடும்.

ராசம்மாள் மார்பளவு தண்ணீரில் ஒரு மரத்தின் வேரைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். புடவை அவிழ்ந்து, அதைப் பந்தாகச் சுருட்டி ஒரு கையால் நெஞ்சோடு அணைத்திருந்தார். டார்ச் வெளிச்சம் முகத்தில் பட்டும் அவர் கண் திறக்கவில்லை. இரண்டு இமையும் வீங்கி மூடிக் கிடந்தன.

"பொண்ணா? கண்ணு எரியுதுடி. தொறக்க முடியல. எந்திரிக்கிறப்ப வழுக்குச்சு, ஒரு கொம்பப் புடிச்சேன், ஒடிஞ்சுபோச்சு. கையெல்லாம் பாலு. வேர்த்துச்சேன்னு அதே கையால மொகத்தத் தொடச்சிட்டேன்."

தில்லை. விழுங்கிய அந்த ஒரு வரி.

"கண்ணு தெரியாம மணலுப் பக்கம்னு நெனச்சு இந்தப் பக்கம் நடந்துட்டேன் போலருக்கு. தண்ணி வந்துருச்சு. போட்டுச் சத்தம் கேட்டுச்சு மொதல்ல. கத்துனேன். அவங்க காதுல விழல." அவர் பல் கிட்டிக்கிட்டிப் பேசினார். "இப்ப ஒருத்தன் கத்துனானே, அதுவும் கேட்டுச்சு. பொடவ சரியா இல்லியேன்னு சும்மா இருந்துட்டேன். கட்டிக்கிட்டு கொரல் குடுக்கலாம்னு."

வாயைத் திறந்தால் வினோதினி அழுதுவிடுவாள், இல்லை அறைந்துவிடுவாள். பாட்டில்களை வேரிடுக்கில் செருகிவிட்டு, தன் துப்பட்டாவை எடுத்து அந்தத் தோளைச் சுற்றினாள். பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, இமையை விரலால் பிரித்து ஊற்றினாள். ராசம்மாள் அலறினார். இன்னொரு பாட்டில். இன்னொன்று. தண்ணீர் இப்போது வினோதினியின் விலாவைத் தொட்டது. வேரிலிருந்து அந்தக் கையைப் பிரித்தெடுக்க முயன்றாள், முடியவில்லை, விரல்கள் விறைத்திருந்தன.

"எளவரசு அண்ணே! வா!"

"வரலாமாம்மா?" தூரத்திலிருந்து அவன் தயங்கினான். "பாட்டிம்மா திட்டுவாங்களே?"

"கண்ண மூடிக்கிட்டாவது வந்து தொலைடா!"

அந்த நிலையிலும் ராசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம். ஆனால் வேரைப் பிடித்திருந்த விரல்கள் விட்டன.

*

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், முன் சீட்டிலிருந்து மணவாளன் கதையைக் கட்டி முடித்துவிட்டார். கோயில் வாசலில் கால் தடுக்கி விழுந்தார்கள். கண்ணில் மண் அடித்துவிட்டது. போட் கிடையாது, திட்டு கிடையாது.

"பொடவையெல்லாம் ஈரமா இருக்கே?" என்று அசாருதீன் கேட்டார்.

"கழுவி விட்டோம் பாய். நீ ரோட்டப் பாரு."

வைத்திலிங்கமும் தலையாட்டினார். "அதான் நல்லது. எங்க விழுந்தாங்க, எதுக்குப் போனாங்கன்னு ஊரெல்லாம் பேச வேணாம். எங்க குடும்பத்துக்கும் அசிங்கம்." விருத்தாம்பாள் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். "என்னாச்சு?"

"மண்ணு மேடம்," என்றார் மணவாளன். "கோயில்ல விழுந்துட்டாங்க."

"மண்ணா? இப்படி வெந்தாப்ல இருக்கு?"

"வயசானவங்க இல்ல, அதான்…"

"தில்லப் பால் மேடம்," என்றாள் வினோதினி. அவள் உடம்பிலிருந்து சேற்றுத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. "முகத்துவாரத்துத் திட்டுல. கொம்பு ஒடிஞ்சு கையில பட்டு, கையிலேர்ந்து கண்ணுக்கு. ஒன்னரை மணி நேரமாவது ஆவும். நான் மூனு பாட்டில் தண்ணி ஊத்தினேன்."

டாக்டரம்மா மணவாளனை ஒரு பார்வை பார்த்தாள். நர்ஸைக் கூப்பிட்டாள், குளுக்கோஸ் பாட்டில் மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டு விடாமல் கண்ணைக் கழுவ ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தாள். "உசுருக்கு ஒன்னுமில்ல. கண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும். மண்ணுன்னு நெனச்சு வெறும் சொட்டு மருந்தப் போட்டு அனுப்பியிருந்தா, அந்த ரெண்டு நாளும் இருந்திருக்காது, இன்னிக்கே பார்வ போயிருக்கும். வெளிநாட்டவங்க, விபத்து. ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சு."

சொன்னதுபோலவே கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மணவாளன் வினோதினியைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"கேளு. நல்லாக் கேளு. கைடு நீ. செடி மறவுக்குப் போவச் சொன்னது நீ. அவுங்கள விட்டுட்டு மொத போட்டுல ஏறினது நீ. அந்தக் கிழவிக்குக் கண்ணு போச்சுன்னா கேஸ் யார்மேல வரும்? யோசிச்சுப் பாரு. நான் போயி பேசறேன். நீ வாய மூடிக்கிட்டு உள்ளேயே உக்காரு. நாளைக்குக் காலைல தஞ்சாவூர் டூர் இருக்கு, போயி குளிச்சிட்டுத் தூங்கு. உனக்காவத்தான் சொல்றன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. செடி மறைவுக்குப் போகச் சொன்னது அவள்தான். ஏறினதும் அவள்தான். அம்மாவுக்கு என்னவென்று சொல்வது? போலீஸ், கோர்ட்டு, பேப்பரில் பேர். தெருவில் முதல் டிகிரி.

அறைக்குள் ராசம்மாள் இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தார். வினோதினி போய்ப் பக்கத்தில் நின்றாள். ராசம்மாள் மூக்கை உறிஞ்சினார். "சேத்து நாத்தம். பொண்ணுதான?"

"ஆமாம்மா. வெளிய போலீஸ் வந்திருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"என்னன்னு சொல்லப் போற?"

"எல்லாத்தையும். காலைல வேன நிறுத்தச் சொன்னதுலேர்ந்து. நான் விட்டுட்டு வந்ததையும் சேத்து."

கட்டுக்கடியில் ராசம்மாளின் உதடு அசைந்து நின்றது. "சம்பந்தி இங்கதான் இருக்காரா?" என்று கேட்டார்.

வைத்திலிங்கம் கட்டில் காலடியில்தான் நின்றிருந்தார்.

"இருக்காரு."

"இருக்கட்டும்," என்றார் ராசம்மாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் ஒன்னுக்குத்தான் போனேன். கொலை பண்ணப் போவல. போயி சொல்லு."

வினோதினி திரும்பினாள். நடையில் மணவாளன் வழியை மறித்தாற்போல நின்றிருந்தார். "வினோ" என்றார். "வினோதினி" என்றார். ஈரச் சுடிதார் காலில் ஒட்டியது. அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து, சேற்றுக் கையால் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

"சார், இங்க பாருங்க. நான்தான் கைடு."